தெளித்த மருந்து இலையில் நிற்க வேண்டுமா?

பயிருக்கு மருந்து வாங்கும்போது விலையை விசாரிக்கிறோம். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறோம். எத்தனை டாங்க் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் அடித்து முடித்த பிறகு, அந்த மருந்தில் எவ்வளவு இலையில் நின்றது, எவ்வளவு மண்ணில் விழுந்தது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நாலு நாள் கழித்துப் பூச்சி அப்படியே இருந்தால், "மருந்து கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் அதைவிட விலை கூடிய வேறு மருந்தை வாங்கி வருகிறோம்.

மருந்து கேட்காமல் போவதற்குப் பூச்சி எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பது காரணமாக இருக்கலாம். தெளித்த நாள் பிந்தியதும் காரணமாக இருக்கலாம். அவற்றைப் போலவே, மருந்து இலைமேல் தங்கவே இல்லை என்பதும் ஒரு காரணம். இந்தக் குறையைப் போக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் இலைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு என்ன என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் சோப்பைக் கலந்தால் நன்மைக்குப் பதில் தீமையும் வரும். என் ஆலோசனையாலேயே அப்படி ஒரு தீமை நேர்ந்தது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. பனி உலர்ந்தபின் தோட்டத்துக்குப் போய் ஒரு சேப்பங்கிழங்கு இலையும், முற்றிய மாவிலை ஒன்றும் பறித்துக்கொள்ளுங்கள். சேப்ப இலை இல்லையென்றால் முட்டைக்கோசு இலை, வெங்காயத் தாள், நெல்லின் தோகை, எதுவானாலும் சரி. இரண்டின்மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சேப்ப இலையில் தண்ணீர் முத்தாக உருண்டு கீழே ஓடிவிடும். விழுந்த இடத்தில் ஈரம்கூட இராது. மாவிலையில் சொட்டு தட்டையாகப் படிந்து அங்கேயே நிற்கும். நாம் மருந்தைக் கலப்பது தண்ணீரில். ஆகவே சேப்ப இலையில் தண்ணீருக்கு என்ன கதியோ, நெல்லிலும் கோசிலும் வெங்காயத்திலும் மருந்துக்கும் அதே கதிதான். நெல் தோகையில் இன்னொரு விசேஷம் உண்டு. சொட்டு குறுக்கே உருள்வதைவிட, தோகையின் நீளவாக்கில் எளிதாக உருளும். தெளித்த மருந்து நுனி வழியாகச் சேற்றில் சொட்டுவது அதனால்தான்.

கட்டும் உண்டு, கைகோப்பும் உண்டு

தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் கூட்டம். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இந்த மூன்றையும் பிணைத்திருப்பது வலுவான இரசாயனக் கட்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்தக் கட்டு அவிழாது.

ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே உள்ள பிடிப்பு வேறு வகை. அது கும்மி அடிப்பவர்கள் கை தட்டிக்கொள்வது போன்றது. இந்தக் கணம் ஒருவர் கை, அடுத்த கணம் வேறொருவர் கை. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். முன்னே சொன்ன இரசாயனக் கட்டின் வலிமையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் இதன் வலிமை. ஆனாலும் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கத்தாரைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், எல்லாம் சேர்ந்து நல்ல பலமாகிவிடுகிறது.

சொட்டின் உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. விளிம்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் யாரும் இல்லை. அதனால் அதை உள்ளே இருப்பவை இழுக்கின்றன. எல்லா விளிம்பும் உள்நோக்கி இழுபட்டால் என்ன ஆகும்? சொட்டு உருண்டையாகும். இந்த இழுப்பைப் பரப்பு இழுவிசை என்கிறார்கள். விஞ்ஞானிகளின் அளவுகோலில் சுத்தமான தண்ணீருக்கு இது 72. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலையின் பக்கம் வருவோம். இலையின் வெளித்தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. வெயிலில் பயிர் தன் ஈரத்தை இழந்துவிடாமல் காப்பது அதுதான். மெழுகின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். தண்ணீருக்குக் கை கொடுக்க அவற்றில் கை கிடையாது. எனவே தண்ணீர் தன் கூட்டத்தாரையே இறுகப் பிடித்துக்கொண்டு முத்தாக நிற்கிறது. மழைநீர் இலையில் தேங்கிப் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்கப் பயிருக்கு இது நல்ல ஏற்பாடுதான். மருந்து தெளிக்கும் நமக்குத்தான் இடைஞ்சல்.

சில இலைகளில் மெழுகு மட்டும் இல்லை, மேடு பள்ளமும் உண்டு. "தாமரை இலைத் தண்ணீர்" என்று பட்டும் படாமலும் இருப்பவரைச் சொல்கிறோம் அல்லவா? அது ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர் பார்த்லாட்டும் அவருடன் பணியாற்றிய நைன்ஹூயிசும் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1997ஆம் ஆண்டு விளக்கமாக வெளியிட்டார்கள். தாமரை இலை முழுவதும் நுண்ணிய மொட்டுகள். அந்த மொட்டுகளின்மேல் அதைவிட நுண்ணிய மெழுகு முளைகள். சொட்டு இந்த முளைகளின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அடியில் இருப்பது காற்று. நெல் அரிந்த தாள்கட்டைகளின்மேல் பாயை விரித்தால் பாய் மண்ணைத் தொடாமல் நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இலையில் வேகமாக வந்து விழும் துளி, ரப்பர் பந்து போலத் துள்ளி எழுந்து வெளியே விழுந்துவிடும். கைத்தெளிப்பானில் அழுத்தத்தைக் கூட்டி அடித்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இவ்வகைப் பயிர்களில் அது பயன் தராது.

மெழுகு யாரையுமே பிடிப்பதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மிக அருகில் வந்தால் எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே மெல்லிய கவர்ச்சி ஒன்று உண்டு. ஹாலந்து நாட்டு இயற்பியல் அறிஞர் வான் டெர் வால்ஸ் என்பவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். கோடிக்கணக்கில் சேர்ந்தால்? வீட்டுச் சுவரில் பல்லி ஓடுவதைப் பாருங்கள். அதன் காலில் பசை எதுவும் இல்லை. பாதத்தில் உள்ள எண்ணற்ற நுண் மயிர்கள் சுவரை மிக நெருங்கித் தொடுவதால் வரும் இந்தக் கவர்ச்சியே அதைத் தாங்குகிறது என்று டோக்கே என்ற பெரிய பல்லியை வைத்து 2000, 2002ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். வேண்டியபோது ஒட்டுகிறது, வேண்டாதபோது காலைத் தூக்கிவிடுகிறது. எண்ணெய் மெழுகின்மேல் பரவுவதும் இதே கவர்ச்சியால்தான். கையில் பட்ட விளக்கெண்ணெய் தண்ணீர் ஊற்றினால் போகாததற்கும் இதுவே காரணம்.

சோப்பு என்னும் தரகர்

மாட்டுச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொள்வதில்லை. தரகர் நடுவில் நின்று, துண்டுக்கு அடியில் ஒரு கையால் இவர் விரலையும், பிறகு அவர் விரலையும் பிடித்துப் பேரத்தை முடிக்கிறார். சோப்பு மூலக்கூறும் அப்படிப்பட்ட தரகர்தான். அதற்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரை விரும்பும். வாலோ மெழுகைப் போன்ற நீண்ட சங்கிலி. அது எண்ணெயையும் மெழுகையும் விரும்பும். சோப்பைத் தண்ணீரில் கரைத்தால் இந்த மூலக்கூறுகள் சொட்டின் விளிம்புக்கு வந்து, தலையை உள்ளேயும் வாலை வெளியேயும் வைத்து வரிசையாக நிற்கின்றன. விளிம்பில் இருந்த இழுப்புத் தளர்கிறது. 72 என்ற எண் 30ஐ ஒட்டி இறங்குகிறது. சொட்டு இலையைத் தொட்டதும் வால்கள் மெழுகைப் பற்றிக்கொள்கின்றன. முத்தாக இருந்தது தட்டையாகிப் படிகிறது.

இதில் இலைக்கு எந்த இரசாயன மாற்றமும் இல்லை. எந்தக் கட்டும் அவிழவில்லை, புதிதாக எந்தக் கட்டும் போடவில்லை. தண்ணீரை வெறுத்த ஒரு பரப்பைத் தண்ணீரை ஏற்கும் பரப்பாக மாற்றியது வெறும் கைகோப்புதான்.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு படரும்போது அதன் பரப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, தராசில் தொங்கவிட்ட சிறு பொத்தானைத் தண்ணீர்ப் பரப்பிலிருந்து பிரிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்தார். தம் முடிவுகளை இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். மூலக்கூறுகள் தலையும் வாலுமாக வரிசையில் நிற்கின்றன என்பதை 1917இல் விளக்கிய அமெரிக்கரான லாங்மூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கையாண்ட தொட்டி, அந்தப் பெண்மணியின் அடுப்படித் தொட்டியைத் திருத்தி அமைத்ததுதான்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்?

கடைகளில் ஒட்டுத் திரவம், நனைப்பான், பரப்பி என்று பல பெயர்களில் விற்கிறார்கள். பொதுவாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை மி.லி. முதல் 1 மி.லி. வரை போதும். புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் தண்ணீருக்குத் தண்ணீர் குணம் மாறுவதால், உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்.

காதுக்கு மருந்து விடும் சொட்டுக்குழல் ஒன்றும், இருமல் மருந்துப் புட்டியின் 5 மி.லி. மூடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, வெறும் தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டு, மூடியின் கோடு வரை நிரம்ப எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். ஏறக்குறைய 100 வரும். குழலுக்குக் குழல் இது மாறும். இப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மி.லி. ஒட்டுத் திரவம் கலந்து, அதே குழலால் எண்ணுங்கள். சொட்டுகள் சிறுத்து, எண்ணிக்கை கூடும். இழுவிசை குறைந்தால் சொட்டு பெரிதாகத் தொங்க முடியாது, சிறிதாகவே அறுந்து விழும் என்பதே காரணம். இன்னும் கால் மி.லி. சேர்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், பழைய எண்ணைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வந்து, ஓர் அளவில் நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு சேர்த்தாலும் கூடாது. அந்த அளவே உங்கள் தண்ணீருக்குப் போதுமானது. நானும் பயிற்சிக்கு வரும் உழவர்களுக்கு இதைச் செய்து காட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எண்ணும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

எண்ணிக்கை ஏன் நின்றுவிடுகிறது? விளிம்பில் இடம் நிறைந்துவிட்டது. மிஞ்சிய மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே வாலை உள்ளே மறைத்துக்கொண்டு கும்பல் கும்பலாகச் சுருண்டுவிடுகின்றன. இழுவிசையைக் குறைக்கும் வேலை அத்துடன் முடிந்தது. அதற்குமேல் ஊற்றினால் இலையின் காப்பு மெழுகு கரைந்து, வெயிலில் ஓரம் கருகும். கலவையும் இலையில் நிற்காமல் வழிந்தோடும். "நாலு மூடி கூட ஊற்று, நல்லா ஒட்டட்டும்" என்பது தவறான எண்ணம்.

உப்புத் தண்ணீரில் சோப்பு

பணியில் சேர்ந்த புதிதில், பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவரின் வெண்டைத் தோட்டத்துக்கு வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த 3 சத வேப்ப எண்ணெய்க் கரைசல் சொன்னேன். எண்ணெயைக் கரைக்கக் காதி சோப்பு சேர்க்கச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் போனேன். தோட்டத்தில் கோடு போட்டது போல ஏழெட்டுப் பாத்தி பச்சையாக இருந்தது, அதில் வெள்ளை ஈ அப்படியே இருந்தது. அடுத்த பாத்தி தீய்ந்து கிடந்தது. மறுபடி பச்சை, மறுபடி தீய்ந்த பாத்தி. "நீங்க சொன்ன மாதிரியேதாங்க கலக்குனேன்" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தவறு அவருடையது இல்லை. என்னுடையது. என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அவருடையது ஆழ்குழாய்த் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடினத் தண்ணீர். சோப்பின் தலையைக் கால்சியம் பிடித்துக்கொண்டால் சோப்பு கரையாமல் திரிந்துபோய், வெள்ளைத் திப்பியாக மிதக்கும். தரகர் இல்லாமல் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிட்டன. எண்ணெய் டாங்கின் மேலே மிதந்தது. தெளிப்பான் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆகவே ஒவ்வொரு டாங்கிலும் முதல் ஏழெட்டுப் பாத்திக்கு வெறும் தண்ணீர் போயிருக்கிறது. கடைசிப் பாத்திக்குச் சுத்த எண்ணெய் போய், வெயிலில் இலையைப் பொசுக்கிவிட்டது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய காயில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும், பயிரைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்க்கிறேன்.

உங்கள் தண்ணீரைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். பாதி அளவு தண்ணீர் எடுத்து, துணிச் சோப்புக் கட்டியில் சிறிது சீவிப்போட்டுக் குலுக்குங்கள். நுரை எழுந்து சற்று நேரம் நின்றால் சோப்பு பயன்படும். நுரை எழாமல், திரிந்த பால் போலத் திப்பி மிதந்தால் அந்தத் தண்ணீருக்குச் சோப்பு ஆகாது. அப்போது மூன்று வழிகள் உண்டு. மழைநீரோ வாய்க்கால் நீரோ எடுத்து வரலாம். அல்லது சோப்புக்குப் பதில் டீபால் போன்ற செயற்கைச் சலவைத் திரவமோ, கடையில் விற்கும் மின்னேற்றமற்ற ஒட்டுத் திரவமோ சேர்க்கலாம். கால்சியம் இவற்றை எளிதில் திரியவைப்பதில்லை. மூன்றாவது, நம் பாட்டிமார் பட்டுத் துணி துவைத்த பூந்திக்கொட்டை. அதில் உள்ள சப்போனின் என்ற பொருளுக்கும் தலையும் வாலும் உண்டு. கொட்டை நீக்கிய தோலை இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும் சாறு கிடைக்கும். கடினத் தண்ணீரிலும் அது சோப்பைப்போலத் திரிவதில்லை. எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு முன்சொன்ன சொட்டுச் சோதனையே வழிகாட்டி.

வேப்ப எண்ணெய் கலக்கும் முறை

10 லிட்டர் டாங்குக்கு 3 சதக் கரைசல் என்றால் 300 மி.லி. வேப்ப எண்ணெய், 10 மி.லி. ஒட்டுத் திரவம். டாங்கில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் பிறகு எண்ணெயை ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரு சிறிய வாளியில் முதலில் எண்ணெயையும் ஒட்டுத் திரவத்தையும் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குச்சியால் சுழற்ற வேண்டும். மோர் போல வெளுத்து வரும். எண்ணெய் நுண்ணிய திவலைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு திவலையையும் தரகர்கள் சூழ்ந்துகொண்டதன் அடையாளம் அது. வால்கள் எண்ணெயிலும் தலைகள் தண்ணீரிலும் இருப்பதால், திவலைகள் ஒன்றோடொன்று சேரா. இதற்குப் பிறகுதான் டாங்கில் ஊற்றி மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும்.

அதிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் தெளிக்காதீர்கள். மீண்டும் கலக்குங்கள், அல்லது தண்ணீரை மாற்றுங்கள். நன்றாகக் கலந்த கரைசலையும் உடனே தெளித்துவிட வேண்டும். அவ்வப்போது டாங்கைக் குலுக்கிக்கொள்ள வேண்டும். மாலை வேளையே ஏற்றது. புதுப் பயிரானால் முதலில் நாலு செடிக்கு அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடிப்பது நல்லது.

சோப்புக் கரைசல் காரத் தன்மை உள்ளது. மாலத்தியான், டைமெத்தோயேட் போன்ற மருந்துகள் காரத்தில் சிதைந்து வலுவிழக்கும். இவற்றுடன் சோப்பைக் கலந்து டாங்கிலேயே இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் அடிப்பதில் பயன் இல்லை.

போர்டோக் கலவையுடன் சோப்பைச் சேர்க்கவே கூடாது. அதில் இருப்பது சுண்ணாம்பு. சோப்பு உடனே திரிந்துவிடும். உண்மையில் அதற்குச் சோப்பு தேவையும் இல்லை. பிரான்ஸ் நாட்டின் போர்டோ பகுதியில் திராட்சைக்கு இந்தக் கலவையை மில்லார்டே என்ற பேராசிரியர் 1885இல் உலகுக்கு அறிவித்தார். இவ்வளவு காலம் கழித்தும் மழையில் கரையாமல் இலையில் நிற்பதில் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது. மயில் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தவுடன் உண்டாகும் நீல நிறக் கூழ் போன்ற வண்டல்தான் ஒட்டுகிறது. கூழின் நுண்ணிய துகள்கள் இலையை நெருங்கிப் படிந்து உலர்வதால் அந்தப் பிடிப்பு. நேரம் ஆக ஆகக் கூழ் மணிமணியாகக் கட்டிப் பிடிப்பை இழக்கும். கலந்த அன்றே அடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில் துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறொரு 50 லிட்டரிலும் கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும். மண் பாத்திரமோ பிளாஸ்டிக் பாத்திரமோதான் ஏற்றது. துலக்கிய அரிவாளின் நுனியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் வேண்டும்.

பயறு விதைக்கு ரைசோபியம் கலக்கும்போது ஆறிய அரிசிக் கஞ்சி சேர்ப்பதும் இதே பாடம்தான். கஞ்சியின் மாவுச்சத்தில் தண்ணீரைப் போலவே கைகள் நிறைய உண்டு. அவை விதைத்தோலையும் மருந்துப் பொடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. ரைசோபியம் உயிருள்ளது, அதற்குக் கேடு செய்யாமல் ஒட்ட இதைவிட மலிவான பசை கிடையாது.

புதிய பொருள்கள்

இப்போது சிலிக்கான் கலந்த பரப்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. இவை இழுவிசையைச் சோப்பைவிட இன்னும் கீழே, 20, 22 என்ற அளவுக்கு இறக்கிவிடும். ஒரு சொட்டு வெங்காயத் தாளில் விழுந்ததும் எண்ணெய் போலப் படர்ந்துவிடும். கோசு, வெங்காயம், நெல் போன்ற மெழுகுப் பயிர்களுக்கு நல்ல பலன் உண்டு. ஆனால் இவற்றைப் பயன்படுத்தும்போது ஏக்கருக்கு வழக்கமாக ஊற்றும் தண்ணீரையே ஊற்றினால் எல்லாம் வழிந்து போகும். தண்ணீரைக் குறைத்து, நுண்ணிய துளியாகத் தெளிக்க வேண்டும். அளவு கூடினால் இலை கருகும். காரத்திலும் புளிப்பிலும் சிதையக்கூடிய பொருள் என்பதால் கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். விலையும் அதிகம். நன்றாக நனையும் இலையுள்ள பயிருக்கு இதை வாங்குவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். சேப்ப இலைச் சோதனையை உங்கள் பயிரின் இலையிலேயே செய்து பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொரு வழியை வெளியிட்டார்கள். நேர் மின்னேற்றம் உள்ள ஒரு பொருளை ஒரு நாசில் வழியாகவும், எதிர் மின்னேற்றம் உள்ள மற்றொன்றை இன்னொரு நாசில் வழியாகவும் ஒரே நேரத்தில் தெளித்தார்கள். இலைமேல் இரண்டு துளியும் சந்திக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவர்ந்து, நுண்ணிய புள்ளிகளாகப் படிகின்றன. அந்தப் புள்ளிகள் தண்ணீரைப் பிடிக்கும் குணம் உள்ளவை. துள்ளி ஓட இருந்த துளி அவற்றில் சிக்கி நின்றுவிடுகிறது. இங்கும் கட்டுப் போடவில்லை. எதிர் எதிர் மின்னேற்றத்தின் கவர்ச்சி மட்டும்தான். நம் தெளிப்பானில் ஒரு நாசில்தான் இருக்கிறது என்பதால், இன்றைக்கு இது தெரிந்துகொள்ள மட்டும்.

தெளிக்கும் அன்று

பனி ஈரம் இருக்கும்போது தெளிக்க வேண்டாம். இலையில் ஏற்கனவே நிற்கும் பனித்துளியோடு மருந்துத் துளி சேர்ந்து, பாரம் தாங்காமல் இரண்டும் கீழே விழும். நாசிலின் துளை தேய்ந்து அகன்றிருந்தால் துளி பெரிதாகும்; பெரிய துளிதான் அதிகம் துள்ளும். நாசிலை மாற்றும் செலவு, வீணாகும் மருந்தின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. இலை நனைந்து நுனியில் சொட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பே கையை நகர்த்திவிட வேண்டும். சொட்டத் தொடங்கிய பிறகு அடிப்பதெல்லாம் மண்ணுக்கு அடிப்பது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் இல்லை. நம் தோலும் எண்ணெய்ப் பசை உள்ள பரப்புதான். வெறும் மருந்துத் தண்ணீர் கையில் பட்டால் ஓரளவு உருண்டு ஓடிவிடும். ஒட்டுத் திரவம் கலந்த தண்ணீர் ஓடாது. இலையில் பரவுவதைப் போலவே தோலிலும் பரவி நிற்கும், உள்ளே போகவும் வழி செய்யும். ஒட்டுத் திரவம் சேர்க்கும் நாளில் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும். டாங்க் ஒழுகி முதுகு நனைந்தால், "இந்த டாங்க் முடியட்டும்" என்று பொறுக்காமல் உடனே இறக்கி வைத்துச் சட்டையைக் கழற்றிக் கழுவிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தெளிப்பானைக் குளத்திலோ வாய்க்காலிலோ அலச வேண்டாம். இழுவிசையைக் குறைக்கும் இந்தப் பொருள்கள் மீனின் செவுளுக்கும் கெடுதல். வரப்போரம் தரிசாகக் கிடக்கும் இடத்தில் மூன்று முறை தண்ணீர் விட்டு அலசிக் கொட்டுங்கள். மூன்றாம் முறை அலசிய தண்ணீரில் நுரை நின்றால், நாலாம் முறையும் அலசுங்கள்.